பின்சீட் இல்லாத வண்டி

ஏப்ரல் 11, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. கோயமுத்தூர் ஷோரூமில் சாவியோடு ஒரு குடை, ஒரு தொப்பி, இந்த டைரி மூன்றையும் கொடுத்தார்கள். குடையை வைக்க வண்டியில் இடமில்லை. தொப்பி போடுகிற ஆள் நானில்லை. டைரியிலாவது ஏதாவது எழுதிப் பார்ப்போம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். பெட்ரோல் போட்டது, டயருக்குக் காற்று அடித்தது, இந்த மாதிரி.

இரண்டு கதவு, இரண்டு சீட். இஞ்சின் முதுகுக்குப் பின்னால். டிக்கி முன்னால். நிறம் சாம்பல். உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரிதான். இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருக்கிறது, நாற்பத்தொன்பது வயசுக்கு இது தேவையா என்று முட்டி கேட்கிறது. நாலு விநாடியில் நூறைத் தொடும் சார் என்றான் ஷோரூம் பையன். திருப்பூரில் எங்கே தொடுவது என்று கேட்டேன். சிரித்தான். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். சாந்தாமணி வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள். கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பின்சீட்டு எங்கீங்க?"

இந்த மாதிரி வண்டிக்கு இருக்காது என்றேன்.

"அப்ப இதுல நான் ஏற மாட்டேன்" என்றாள். கத்தவில்லை. உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காங்கயத்திலிருந்து சாந்தாமணியின் அண்ணன் நாச்சிமுத்து வந்திருந்தார். எண்ணெய் மில் வைத்திருக்கிறார், குரலும் செக்கு ஓடுகிற இடத்தில் பேசிப் பழகிய குரல். தெருவுக்கே கேட்டது. பையன் போய் அஞ்சு மாசங்கூட ஆகவில்லை, வருசம் திரும்புவதற்குள் வீட்டுக்குப் புதுசாக ஒரு சொம்பு வாங்க யோசிப்பார்கள், ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் என்ன பேசுகிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தார். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வண்டியைக் கை காட்டி, குரலை இறக்கிக் கேட்டார்.

"இப்ப வேகமாப் போயி ஆரக் காப்பாத்தப் போறீங்க மாப்ள?"

பழைய வண்டி மைலேஜ் கொடுக்கவில்லை என்றேன். இது அதில் பாதிகூடக் கொடுக்காது என்பது அவருக்கும் தெரியும்.

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய வண்டிக்கு ஏழு வருசம் ஆகிவிட்டது. தாராபுரத்துக்காரர் ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். அவருக்கு நாலு பிள்ளைகள், பெரிய வண்டி வேண்டும்.

என் மகன் தரணீஷ் போன கார்த்திகையில் டெங்குவில் போய்விட்டான். பதினைந்து வயது. ஒரே பிள்ளை. எழுதியாகிவிட்டது, இனி எழுத வேண்டியதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அரிசி வாங்கினேன். முன் டிக்கியில் மூட்டை நுழையவில்லை. அட கெரகமே என்று பக்கத்து சீட்டில் நிறுத்தி வைத்தேன். கிளப்பியவுடன் கிணுகிணு என்று ஒரே சத்தம். ஆள் உட்கார்ந்திருக்கிறதாம், பெல்ட் போடவில்லையாம். கடைக்காரர், டீக்குடிக்க நின்றவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். அரிசி மூட்டைக்கு பெல்ட் போட்டுவிட்டேன். சத்தம் நின்றது. வீடு வரை இரண்டு பேரும் மரியாதையாக வந்து சேர்ந்தோம்.

சாந்தாமணியிடம் சொன்னேன். முன்பென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். மூட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

மே 6, செவ்வாய்

சிக்னலில் நின்றால் பக்கத்தில் பைக்கில் வருகிறவன் செல்போனை நீட்டிப் படம் எடுக்கிறான். எடுத்துக்கொண்டு போகட்டும். என்ன வேலை சார் செய்கிறீர்கள் என்று இன்று ஒருவன் கேட்டான். பனியன் லேபிள் போடுகிறேன் என்றேன். நம்பவில்லை. திருப்பூரில் பிறந்துவிட்டு லேபிள்காரனை நம்பாவிட்டால் வேறு யாரை நம்புவான்? உலகத்தில் எவன் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தாலும் எஸ், எம், எல் என்று இருக்கிற துணுக்கை எங்காவது என்னை மாதிரி ஒரு சென்னியப்பன்தான் நெய்திருப்பான்.

சாந்தாமணி கோயிலுக்கு ஆட்டோவில் போய்வந்தாள்.

மே 19, திங்கள்

மழை. வெளியே எடுக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். கம்பெனிக்கு ஓடைக்கரை ரோட்டில் போய்வருகிறேன். பெரிய ரோட்டில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வரிசையாக வேகத்தடை போட்டிருக்கிறார்கள், தரையோடு போகிற இந்த வண்டிக்கு ஒத்துவராது. ஓடைக்கரையிலும் குழிதான். இன்று இரண்டு இடத்தில் அடியில் தேய்த்தது. பல் கூசுகிற சத்தம்.

ஜூன் 25, புதன்

கம்பெனி சூப்பர்வைசர் ரங்கநாயகி ஒரு ஆர்டர் கொண்டுவந்து வைத்தார். குழந்தைகள் பனியன், வெளிநாட்டுக்குப் போவது. குழந்தைகள் துணிக்கு வயசைத்தான் அளவாகப் போடுவார்கள். 10-11, 12-13, 14-15. மெஷினில் ஆளில்லை, வேறு யூனிட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். மெஷின் சும்மாதான் இருக்கிறது சார் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரிங்க சார், கொடுத்துவிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். புத்திசாலி.

ஜூலை 3, வியாழன்

சர்வீஸுக்குக் கோயமுத்தூர் போனேன். மெக்கானிக் வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்துவிட்டு, இதை எங்கே சார் ஓட்டுகிறீர்கள், காட்டிலா என்றான். ஓடைக்கரை ரோடு என்றேன். வேறு ரோடே இல்லையா என்றான். இருக்கிறது, வேகத்தடை அதிகம் என்றேன்.

"மூக்கத் தூக்கறதுக்கு பட்டன் இருக்குதுங்களே சார். அமுத்துனா முன்னாடி உசந்துக்கும். எந்த ஸ்பீட் பிரேக்கரும் ஏறிருமே. டெலிவரி அன்னிக்கே சொல்லிருப்பாங்களே."

சொன்னார்கள். பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 18, வெள்ளி

சாந்தாமணி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆடி பிறந்துவிட்டது, ஆடிக்கு அண்ணன் கூப்பிடுகிறார் என்றாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருசம் கழித்து எந்த ஊரில் ஆடி அழைப்பு வருகிறது? கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. பையை நான் தூக்கிக்கொண்டேன். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். காங்கயம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பை மடியில்.

அதோடு நான் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். பஸ்ஸை நல்லூர் தாண்டிப் பிடித்துவிட்டேன். பிடித்து என்ன செய்வது? முந்திப் போனால் எங்கே போய் நிற்பது? பின்னாலேயே போனேன். பஸ் நின்ற இடத்தில் எல்லாம் நின்றேன். மோட்டார் பைக்குகள், மொபெட்டுகள், ஒரு மாட்டுத்தீவன டெம்போ எல்லாம் என்னை முந்திக்கொண்டு போயின. டெம்போக்காரன் இறங்கிவந்து, வண்டி ரிப்பேருங்களா, கயிறு இருக்குது, கட்டி இழுக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பஸ் கண்டக்டர் கடைசிப் படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சாந்தாமணி திரும்பிப் பார்க்கவில்லை. முன்கை மட்டும் ஜன்னலில் தெரிந்தது. பச்சைக் கண்ணாடி வளையல்.

காங்கயத்தில் இறங்கி நேராக என்னிடம் வந்தாள். குனிந்து ஜன்னல் வழியாகப் பேசினாள். வந்தது வந்தீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். வண்டியில் ஏறவில்லை. அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். நான் அவளுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்துபோனேன். ஊரே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், அதுகூட வரவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ரசம் வைத்தேன். குடிக்கிற மாதிரி இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உழவர் சந்தை. கத்தரிக்காய், தக்காளி, கொத்தமல்லி. பக்கத்து சீட்டில் வைத்தேன். பெல்ட் கேட்கவில்லை. ஒரு ஆளுக்கு வாங்கினால் அவ்வளவுதான் எடை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காங்கயம் போனேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், மாமனார் வீட்டு விருந்தாளி மாதிரி. நாச்சிமுத்து இப்போதெல்லாம் என்னைத் திட்டுவதில்லை, மழையைப் பற்றிப் பேசுகிறார். சாந்தாமணி பரிமாறுகிறாள், உப்பு போதுமா என்று கேட்கிறாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இன்று அவள் கை மெலிந்திருப்பதைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. இவள் இப்படியே இங்கே இருந்துவிட்டால் எனக்கு யாரும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வந்தால் வண்டிக்குள் ஆள். சாந்தாமணிதான். சாவியைத் திண்ணையில் வைத்திருந்தேன், எடுத்துத் திறந்திருக்கிறாள். பக்கத்து சீட்டில் இல்லை, ஓட்டுகிற சீட்டில். கதவைச் சாத்திக்கொண்டு, நடுவில் இருக்கிற பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன். கிளப்பவில்லை என்பதால் பெல்ட்டுக்குச் சத்தம் போடவில்லை.

"இதுல பாத்தா பின்னாடி ஒண்ணுமே தெரியலீங்களே மாமா."

"தெரியாது அம்மிணி. இஞ்சின் மூடிதான்."

கண்ணாடியை இன்னொரு தடவை திருப்பினாள்.

"அதுக்குத்தானுங்களா வாங்குனீங்க?"

ஆமாம் என்றேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, அன்றைக்கு அவளும்தான் பழைய வண்டியில் இருந்தாள். நான் ஓட்டினேன். அவள் பின்சீட்டில் தரணீஷ் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். திருப்பூர் ஆஸ்பத்திரியில் கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க மனசில்லை. அவிநாசி வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் தலை குலுங்காமல் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டாள். வேகமாப் போங்க மாமா, வேகமாப் போங்க மாமா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் அவர்களைப் பார்த்ததுதான் அதிகம். கருமத்தம்பட்டி பக்கத்தில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன்.

அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஐந்து மாதம் அந்த வண்டியில் கண்ணாடியைக் கூரைப்பக்கம் திருப்பி வைத்து ஓட்டினேன். அப்படியும் முடியவில்லை. பின்னால் சீட் இருக்கிறது என்பது முதுகுக்குத் தெரிகிறது.

"நான் வேற நெனச்சுக்கிட்டனுங்க" என்றாள். "அவன் உக்கார்ற எடத்தயே வேண்டாம்னுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

இறங்கி உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்போது வாசலுக்கு வரவில்லை. அழுதிருப்பாள். நான் நல்லூர் வரும்வரை அழவில்லை, அங்கே ஓரமாக நிறுத்தி அழுதேன். நவம்பருக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கண்ணாடி அவள் திருப்பின மாதிரியே கோணலாக இருக்கிறது. சரி செய்யவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று ஆயுத பூஜை. எங்களுக்கு இந்த வருசம் பண்டிகை கிடையாது. ஆனால் கம்பெனியில் மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைக்காமல் ஆட்கள் விடமாட்டார்கள். வாசலில் நின்ற என் வண்டியையும் விடவில்லை. முன்னால் முத்திரை இருக்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம். அதற்குப் பின்னால்தான் எதிரே வருவதைக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கிறதாம். இன்று காலை கிளப்பினால், முன்பக்கம் பார்வை மறைக்கப்பட்டுள்ளது, கவனமாக ஓட்டவும் என்று எழுத்து வருகிறது. பொட்டு வைத்தால் பார்வை போய்விடுகிற வண்டியை இப்போதுதான் பார்க்கிறேன். ரங்கநாயகி பதறி ஈரத்துணியோடு வந்தார். இருக்கட்டும் விடுங்கள் என்றேன். தெரியாத ஊரா, கவனமாகவே ஓட்டிப் போகிறேன்.

சாந்தாமணியிடம் போனில் சொன்னேன். மூக்கால் லேசாகச் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. போன் கோளாறாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

நவம்பர் 19, புதன்

சாந்தாமணி போன் செய்தாள். வருசம் திரும்புகிறது. கல்யாணம் ஆகாமல் போன பிள்ளைக்குப் புதுத்துணி வைத்துக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கும்பிட்டுவிட்டு அந்தத் துணியை அதே வயசுப் பையன் யாருக்காவது கொடுத்துவிடுவோம். துணி எடுக்க ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னாள். நாச்சிமுத்துவின் வண்டியைக் கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன்.

"வேண்டாங்க. நம்ம வண்டியே கொண்டாங்க."

நம்ம வண்டி என்றாள்.

நவம்பர் 23, ஞாயிறு

காங்கயத்தில் சாந்தாமணி தன் பையோடு வாசலில் நின்றிருந்தாள். ஜூலையில் கொண்டுபோன அதே பை. முன் டிக்கியில் வைத்தேன், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது, மேலே ஒரு சீப்புகூட வைக்க முடியாது. நாச்சிமுத்து ஒரு கேன் எண்ணெய் கொண்டுவந்தார். இடமில்லை மச்சான் என்றேன். அடுத்த வாரம் நானே கொண்டுவருகிறேன் மாப்ள என்றார்.

ஏறுவதற்கு அவளும் கஷ்டப்பட்டாள். புடவையோடு இவ்வளவு தாழ உட்கார வேண்டும் என்றால் கஷ்டம்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தாள். பெல்ட் எங்கே மாட்டுவது என்று காட்டினேன்.

திருப்பூர் கடையில் கூட்டம். சர்ட் வேண்டும், பேண்ட் வேண்டும் என்றேன். என்ன சைஸ் சார் என்றான் கடைப்பையன். எம் என்றேன். யோசிக்கவே இல்லை. போன வருசம் தரணீஷுக்கு எம். லேபிள்காரனுக்கு இது மறக்குமா? நீலத்தில் கட்டம் போட்ட சட்டை ஒன்றை எடுத்துப் போட்டான். சாந்தாமணி விரித்துப் பார்த்தாள். பிறகு மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எல் எடுங்க தம்பி."

எம்தானே என்றேன்.

"ஒரு வருசம் ஆச்சுல்லீங்க மாமா" என்றாள். "வளந்திருப்பான்."

கடைப்பையன் அவளையும் என்னையும் பார்த்தான். பையன் எவ்வளவு உயரம் மேடம், அளவு தெரிந்தால் நல்லது என்றான். சாந்தாமணி என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். எல் சட்டையை என் முதுகில் வைத்து இரண்டு தோளையும் பிடித்துப் பார்த்தாள். போன வருசம் என் தோள் உயரம் இருந்தான், இப்போது காது வரைக்கும் வந்திருப்பான் என்று கடைப்பையனிடம் விளக்கமாகச் சொன்னாள். அவள் விரல்கள் என் முதுகில் இருந்தன. கடை நடுவில் கூட்டத்தில் நான் அசையாமல் நின்றேன். இதே போதும் தம்பி, கட்டிவிடுங்கள் என்று அவள் சொல்கிறவரை நின்றேன்.

வண்டிக்கு வந்தோம். துணிப்பையை வைக்க இடமில்லை. டிக்கியில் அவள் பை இருக்கிறது. பின்சீட் இருந்தால் பின்னால் போட்டிருப்போம். சாந்தாமணி ஏறி உட்கார்ந்து, கொடுங்கள் என்று கையை நீட்டினாள். மடியில் வைத்துக்கொண்டாள். பெல்ட்டை இழுத்துப் பைக்கும் சேர்த்து மாட்டினாள்.

வீட்டுக்குத்தானே என்றேன். பின்னே எங்கே என்றாள்.

ஓடைக்கரைப் பக்கம் திருப்பவில்லை. தரணீஷ் படித்த பள்ளிக்கூட ரோட்டிலேயே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கேட் பூட்டியிருந்தது. வேகத்தடைகள் இருக்கின்றன, பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் பட்டனை அமுக்கி, மூக்கைத் தூக்கி, ஏற்றி இறக்கினேன். ஒவ்வொரு தடையிலும் அவள் பையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். கண்ணாடியில் அவன் தெரியவில்லை.

"மெதுவாவே போங்க மாமா" என்றாள். "இப்ப என்ன அவசரம்."

மெதுவாகவே வந்தேன்.